நாலு மில்லிமீட்டர்

"சொந்த ஊட்ட விட்டுட்டு எவனாவது வாடகைக்கு வருவானாம்மா?" என்று கேட்டார் ஜெயராமன்.

காலியாகக் கிடந்த கீழ் போர்ஷனின் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். வீடு கேட்டு வந்த கஸ்தூரி நின்றுகொண்டிருந்தாள்.

வாடகைக்கு வருகிறவர்களுக்கு ஜெயராமன் வைக்கும் நேர்முகத் தேர்வு திருநின்றவூரில் பிரசித்தம். அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த மண்ணில் இப்போது ஆறு போர்ஷன்கள் விளைந்திருந்தன. எத்தனை பேர், என்ன வேலை, விருந்தாளி வந்தால் எத்தனை நாள் தங்குவார், மீன் வறுக்கும்போது ஜன்னலைச் சாத்துவீர்களா என்று எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்.

கஸ்தூரி அதுவரை தேறிக்கொண்டுதான் வந்தாள். கணவன் வேம்புலிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றும் வேலை. ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. விலாசத்தோடு வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை கடைசி நாள்.

நிரந்தர முகவரியில்தான் மாட்டிக்கொண்டாள்.

"பழவேற்காட்டுக்கு இந்தாண்ட ஒரு குப்பம் சார். சொந்த ஊடுதான். கடலு வந்துட்டுது."

ஜெயராமனுக்குக் குஷி பிறந்துவிட்டது. கடலைப் பற்றி இருப்பதையெல்லாம் அவர் போன வாரம்தான் தெரிந்துகொண்டிருந்தார். பேப்பரில், கால் பக்கம்.

"கடலு வருசத்துக்கு எவ்ளோ ஏறுதுன்னு தெரியுமா உனக்கு? நாலு மில்லிமீட்டர்!" கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் வைத்துக் காட்டினார். "இதுக்குப் பயந்துகினா மூட்டையக் கட்டிட்டீங்க? எங்க ஊட்டு தோசையே இத விட தடிமன்மா."

சிரித்தார். சாமான் இல்லாத கூடம் என்பதால் சிரிப்பு நன்றாகவே எதிரொலித்தது.

கஸ்தூரி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. வீடு தேடுகிறவளுக்குக் கோபமெல்லாம் கட்டுப்படியாகாது.

"மேல ஏறுறது அவ்ளோதான் சார். எங்க மண்ணு தட்டு மாதிரி கீது, தண்ணி மேல ஒரு வெரக்கடை ஏறுனா உள்ள ரெண்டு எட்டு வந்துடும். மொதல்ல கெணறு உப்பாச்சு. அப்பால பௌர்ணமிக்குப் பௌர்ணமி அலை வாசலுக்கு வந்துச்சு. அதுக்கும் பழகிட்டோம். போன புயலுக்கு வந்தது திரும்பிப் போவல."

கால் பக்கத்தில் இதெல்லாம் இல்லை. இல்லாததை நம்புகிற ஆள் இல்லை ஜெயராமன்.

முன்பு ஒருத்தன் ஊரிலேயே இல்லாத தெருவைத் தன் தெரு என்று எழுதிக் கொடுத்துவிட்டு இதே போர்ஷனில் குடியிருந்தான். அன்றிலிருந்து அவருக்குச் சொந்த வீட்டின் போட்டோ வேண்டும்.

கஸ்தூரி போனை எடுத்து நீட்டினாள்.

படத்தில் புருஷனும் பெண்டாட்டியும், நடுவே மகளும், முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்கள். ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல விறைப்பாக. பின்னால் கடல். அதற்குப் பின்னாலும் கடல்.

"இன்னாமா, பீச்சுல குளிக்கற போட்டோவக் காட்டற? குளிக்கப் போனா கொஞ்சம் சிரிக்கவாவது வேணாமா? ஊட்டக் காட்டும்மா."

"அதான் சார் ஊடு. ஊட்டு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தாந்தாதான் நிவாரண மனுவ வாங்குவோம்னாங்க." கஸ்தூரி திரையில் விரலை வைத்தாள். "முன்னாடி ஆழம் சார், நிக்க முடியல. அதான் சமையக்கட்டுல நின்னுட்டோம்."

ஜெயராமனிடம் அடுத்த நகைச்சுவை தயாராக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார். படத்திலிருந்த மகளின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். எதற்குத் துடைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அவருக்கும் இரக்கம் வரும். வந்தால் சத்தம் போடுவார்.

"நாளைக்கே பால் காச்சிக்கோ! மீன் வறு, ஜன்னலத் தொறந்து வெச்சே வறு, எவன் கேக்கறான் பாக்கலாம். இங்கேர்ந்து கடலு முப்பது கிலோமீட்டருக்கு மேல. நாலு மில்லிமீட்டரு நடந்து வர்றதுக்குள்ள உன் பேத்திக்குப் பேத்தி பொறந்துடுவா!"

சாவியை நீட்டினார்.

கஸ்தூரி வாங்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிர்பச்சையில் புதுப் பெயிண்ட். வாசனைகூடப் போகவில்லை. அவள் குனிந்து, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் உள்ளங்கையை வைத்தாள். சுவரைத் தடவியபடியே கூடத்தைச் சுற்றிச் சமையலறைக்குள் போய்த் திரும்பினாள். கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைசியில் கட்டைவிரலால் ஒரு இடத்தைத் தேய்த்தாள். பச்சை உதிர்ந்தது. அடியில் பழுப்பாக ஒரு கோடு.

"ஏரி எந்தப் பக்கம் சார்?"

இவ்வளவு நேரம் வாய் ஓயாதிருந்தவர் மோவாயால் பின்பக்கம் காட்டினார். "அது எங்கியோ கீது."

எங்கேயோ என்பது இரண்டாவது தெரு.

"இன்னும் மூணு ஊடு பாக்கணும் சார்" என்று கஸ்தூரி செருப்பை மாட்டிக்கொண்டாள். அவளுக்கும் திங்கட்கிழமை ஞாபகம் இருந்தது. படியிறங்கும்போது ஒரு கணம் நின்றாள். "மாடில ஏதாச்சும் காலியானா சொல்லி அனுப்புங்க."

சொல்லி அனுப்ப வழியில்லை. மாடியில் இருக்கிற குடும்பம் காலி செய்கிற குடும்பம் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில், இந்தக் கூடத்திலிருந்துதான் பீரோவையும் கட்டிலையும் தூக்கிக்கொண்டு அவர்கள் மேலே ஏறினார்கள். தெரு காய்ந்த பிறகும் இறங்கவில்லை.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயராமன் உட்கார்ந்தே இருந்தார்.

மாடியிலிருந்து அவர் மனைவி தாட்சாயிணி குரல் கொடுத்தாள். "காபி ஆறுது, மேல வாங்க."