நாற்பதாம் நாளுக்கு ஒரு கல்

கல் மேசையில் விழுந்த சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

“இந்தக் கல்லத் தந்தது ஆரு?” என்று கத்தினான் முர்ஷித்.

ஹாட்வெயார் முதலாளி காலிதீன் ஹாஜியார் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

முர்ஷித் சட்டைக் கையை மடித்துக் காட்டினான். முழங்கைக்குக் கீழே ஒரு விரல் நீளக் காயம்.

கல்முனைக்குடியில் சலூன் வைத்திருப்பவன் அவன். பிளேடு மாற்றுகிற கத்திதான் கைப்பழக்கம். நாளை மகள் பிறந்து நாற்பதாம் நாள், காலையில் முடி இறக்க வேண்டும். பிஞ்சுத் தலைக்குப் புது பிளேடு கடிக்கும் என்று முழுச் சவரக்கத்தி வாங்கினான். அதைத் தீட்ட நேற்று இங்கே வாங்கியதுதான் அவனுடைய முதல் கல்; தீட்டிய கத்தியைத் தன் கையில் சோதித்ததில் வந்ததுதான் காயம்.

“சவரக்கத்திக்கு எண்டு நீ சொல்லல்ல,” என்றார் ஹாஜியார்.

“சொன்னன்! மூஞ்சப் பாத்தாத்தானே காது கேக்கும் உங்களுக்கு?”

மண்வெட்டி வாங்க வந்த வரிப்பத்தான்சேனை ஊர்க்காரர் கல்லைத் தடவிப் பார்த்தார். “தம்பி, இது நெல்லு அறுக்கிற தாக்கத்தி தீட்டுற கல்லு. இதில தீட்டினா வெள்ளாமைதான் வெட்டலாம், சவரம் செய்ய ஏலாது. வேற கடைக்குப் போங்களன்.”

“இஞ்சதான் வாங்குவன்.”

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நழுவினார்.

ஹாஜியார் எழுந்தார். மேல் தட்டிலிருந்து மூன்று கற்களை இறக்கினார். ஒவ்வொன்றிலும் பெருவிரல் நகத்தை இழுத்துப் பார்த்தார். முதலாவது சுரண்டியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் வெள்ளை. வெள்ளையில் நகம் சவர்க்காரத்தில் இழுத்தாற்போல வழுக்கியது.

“இஞ்சயே தீட்டு,” என்று தண்ணீர்ப் போத்தலைத் தள்ளினார்.

முர்ஷித் மடியிலிருந்து சவரக்கத்தியை எடுத்து, கோபத்தில் கல்லில் அழுத்தி இழுத்தான்.

“அழுத்தாத! கத்திர பாரமே போதும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தளர்த்தினான். பழுப்புப் பக்கத்தில் கத்தி வாயின் பிசிறு போனது. பிறகு வெள்ளை. பள்ளியில் அசர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை கடையில் கல்லின் சத்தம் மட்டும்தான்.

சோதிக்க அவன் மற்றக் கையை நீட்டியபோது, அதற்கு மேல் இன்னொரு கை வந்து நின்றது. நரைத்த முடி. ஹாஜியாரின் கை.

“இதில பாரு.”

ஒரே இழுப்பு. முடி உதிர்ந்தது. தோலில் ஒரு கீறல் இல்லை.

வெறுமையான அந்த இடத்தை அவர் தடவிக்கொண்டே இருந்தார். முகத்தை மட்டும் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எண்ட பேத்திர முடிய இஞ்ச கொண்டு வா. அத நிறுத்துப் பாத்து, அந்த எடைக்கு வெள்ளிய ஏழைகளுக்கு சதக்காவா நான் குடுக்கன்.”

முர்ஷித் கத்தியை மடித்தான். சத்தமாகவே மடித்தான்.

“முடி இஞ்ச வராது, மாமா. நீங்கதான் ஊட்டுக்கு வரணும்.”