அடைப்புக்குறிக்குள் ஒரு மாணவி

சி என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு நிரலின் முதல் வரியில், ஒரே ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பாக, அச்சு என்ற ஃபங்ஷன் குடியிருந்தாள். ‘மாணவி’ என்ற ஸ்ட்ரக்சர், அதாவது தகவல் தொகுப்பு, கொண்டுவரும் மதிப்பெண்ணைத் திரையில் காட்டுவதற்கென்றே பிறந்தவள். மாணவியின் பெயரை முன்கூட்டி அறிவிக்காமல், தன் அடைப்புக்குறிக்குள் மட்டும் எழுதிவைத்தாள்.

“அம்மாடி, அந்தப் பெயர் உன் வாசலைத் தாண்டாது. உனக்கு மேலே ஒரு வரி அறிவித்துவிடு,” என்றார், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதற்காக வரிவரியாகச் சரிபார்த்துவந்த கம்பைலர்.

“எச்சரிக்கைதானே அண்ணே, பிழையில்லையே. இதுக்கெல்லாம் யார் மெனக்கெடுவது?”

பத்தாம் வரியில் மாணவி பிறந்தாள். தொண்ணூற்றெட்டு மதிப்பெண்ணை ஏந்திக்கொண்டு அச்சுவிடம் ஓடிவந்தாள். கம்பைலர் மறித்தார்.

“நில்லு தாயி. இவள் சொன்ன மாணவி இவளுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிந்துபோனாள். பெயர் ஒன்று, ஆள் வேறு.”

“நான் இவளைத்தான் அண்ணே நினைத்தேன்,” என்றாள் அச்சு.

“நினைத்தாய். சொல்லவில்லையே.”

மாணவி மதிப்பெண்ணோடு திரும்பிப் போனாள். அந்த ஒரு வரியை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எண்ணியபடி, அச்சு வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.