இடி மாமா

சமையலறைக் கூரையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர், இன்று நேராக அடுப்பின் மேலேயே சொட்டியது.

“இனிமே பொறுக்க முடியாது. இடியைக் கூப்பிடு” என்றாள் மாமியார்.

இடி என்று வீட்டில் கூப்பிடுவது அவளுடைய மூத்த மகனை. லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். ஊரின் மறுகோடியில் தனியாக ஓர் அறையில் இருக்கிறார். மருமகள் இந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அவரைக் கல்யாணத்தன்று தூரத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் கேட்ட கதைகள் ஏராளம். முன்பு குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், இவர் ஒரு தடவை போய்ப் பேசிவிட்டு வந்த பிறகு, எதிரே பார்த்தாலே கும்பிடு போடுவாராம்.

“நாமே மாடிக்குப் போய்ச் சொல்லலாமே அத்தை?”

“நமக்கெல்லாம் சண்டை போட வராதும்மா. சாதுவான குடும்பம். நாலு தடவை சீட்டு எழுதிக் கதவுக்கு அடியில தள்ளியாச்சு. அந்த ஆள் அசையலையே! எவ்வளவு திமிர் இருக்கணும்?”

“அண்ணன் வந்து ஒரு கத்து கத்தினாத்தான் சரிப்படும்” என்றான் கணவன்.

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். தோளில் டூல் பை, சட்டையெல்லாம் கிரீஸ்.

“பாருடா, தண்ணி சொட்டி, கொதிக்கிற எண்ணெய் உன் தம்பி பொண்டாட்டி கையிலேயே தெறிச்சிருச்சு” என்றாள் மாமியார்.

தெறிக்கவே இல்லை. மருமகள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவர் மாடிப்படியை நோக்கி நடந்தார்.

“நீ பின்னாடியே போம்மா” என்று மாமியார் கிசுகிசுத்தாள். “கையை நீட்டிட்டான்னா போலீஸ், கேஸுன்னு ஆயிடும். பொம்பளை பக்கத்துல இருந்தா கொஞ்சம் அடங்குவான்.”

மருமகள் கணவனைப் பார்த்தாள்.

“எனக்கு ஆபீஸ்லேருந்து போன் வரணும்” என்றான் அவன்.

மாடியில், அவர் கதவை ஒற்றை விரலால் தட்டினார்.

“வர்றேன்... கொஞ்சம் நேரமாகும்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

காத்திருந்தார். டொக், டொக் என்று சத்தம் நெருங்கி வந்து, கதவு திறந்தது. மாடி வீட்டுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். ஒரு காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. கக்கத்தில் ஊன்றுகோல்.

கதவுக்குப் பின்னால் தரையில் நான்கு சீட்டுகள் கிடந்தன.

“யாரோ லெட்டர் போட்டுக்கிட்டே இருக்காங்க தம்பி. குனிஞ்சு எடுக்க முடியலை. கால் முறிஞ்சு மூணு வாரமாச்சு.”

இடி மாமா நான்கையும் பொறுக்கிப் பிரிக்காமலே சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல சார். கீழ் வீடு நாங்க. உங்க சிங்க்கில லேசா கசிவு இருக்கும் போல. பார்த்துடட்டுமா?”

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலை எடுத்தார்.

டமார்! டமார்!

“போதும்டா! விட்டுருடா! பாவம்டா அந்த மனுஷன்!” கீழேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. குரலில் இருந்தது கவலை மாதிரியே இல்லை.

“கீழே யாரையாவது அடிக்கிறாங்களா தம்பி?” என்று கேட்டார் மாடி வீட்டுக்காரர்.

“இல்ல சார். அது எங்க அம்மா.”

மருமகள் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றுகொண்டாள்.

புது வாஷர் போட்டு, குழாயைத் திறந்து மூடிப் பார்த்து, தரையில் நின்ற தண்ணீரையும் துடைத்தார். தண்ணீர்க் குடத்தைக் கைக்கு எட்டும் உயரத்தில் தூக்கி வைத்தார். போன் நம்பரைச் சுவரில் பென்சிலால் பெரிதாக எழுதினார்.

“எதுன்னாலும் கூப்பிடுங்க சார். சங்கோஜப்படாதீங்க.”

மாடி வீட்டுக்காரர் ஊன்றுகோலோடு கும்பிட முயன்று தடுமாறினார். இடி மாமா பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

படி இறங்கும்போது மருமகளால் சும்மா வர முடியவில்லை.

“மாமா, உங்களுக்குக் கோபமே வரலையே?”

“அடக்கிக்கிட்டேன்மா.”

“அடக்கின மாதிரியே தெரியலையே!”

“உனக்குத் தெரியாதும்மா. நான் ரொம்ப மோசமான கோபக்காரன். ஏழு வயசுலயே பக்கத்து வீட்டுப் பையன் மண்டையை உடைச்சவன்.”

“எதுக்கு உடைச்சீங்க?”

“அது ஞாபகமில்ல. அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

“சரி, அதுக்கப்புறம் எத்தனை தடவை கோபம் வந்திருக்கு?”

அவர் படியிலேயே நின்றுவிட்டார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“அதுக்கப்புறம்... இன்னும் வரலைம்மா.”

மருமகள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

“ஆனா, ஒருநாள் வந்துடும்ல? அந்தப் பயத்துலதான் கல்யாணமே வேணாம்னு இருந்துட்டேன். வர்றவ என்ன பாவம் பண்ணினா?”