கிரீஸ் போதுமா?

அவள் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவள். மாலையானால் போனும் சிரிப்புமாக இருப்பாள்.

"உங்களோடது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துருவைவிட உரசலுக்குத்தான் பயப்படணும், பாகங்க ஒண்ணையொண்ணு கவ்விக்கும். மெல்லிசான எண்ணெய் நிக்காது. சறுக்குற இடத்துல கிரீஸ் தடவுங்க. ஐயோ, அவ்வளவு வேணாம்!"

கணவனுக்கு வயிறு எரிந்தது. "தினமும் எவன்கிட்ட இந்தக் குழைவு?"

"நீங்களே கேளுங்களேன்" என்று போனை நீட்டினாள்.

"யாருய்யா நீ?"

மறுமுனையில் சிரிப்பு சட்டென்று நின்றது. "நான்தான்டா, அப்பா. துப்பாக்கி சுடுற கிளப்புல சேர்ந்திருக்கேன்... நல்லா இருக்கியா?"

"ம்."

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. எப்போதுமே அப்படித்தான். போனை மனைவியிடம் கொடுத்தான். அப்பாவின் சிரிப்பு மறுபடி கிளம்பியது.

பேசி முடித்தவள் கேட்டாள், "போயும் போயும் மாமா மேலயா பொறாமை?"

"அவர் மேல இல்ல" என்றான். "இப்ப உன்மேல."