இரண்டு கதவுக் கார்

நம் ஊர்ப் பர்மா ரோட்டுக் கார்க் கடையின் முன்னே, உச்சி வெயிலில், இரண்டு கார்கள் அக்காளும் தங்கையும் போல ஒட்டி நிற்பதைப் பாருங்கள் கண்ணுகளா. ஒரே மாதிரி எஞ்சின், ஒரே மாதிரித் தாழ்ந்த கூரை, இரண்டிரண்டு கதவுகள். வெள்ளைக் காரின் முன்விளக்குகள் எப்போதும் விழித்திருக்கின்றன. சிவப்புக் காரின் விளக்குகளோ மூடிக்குள் தூங்குகின்றன, பொத்தானை அமுக்கினால்தான் எழும்புகின்றன. தபாலாபீசில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் ஞானாம்பிகை, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டிலும் மாறி மாறி ஏறி இறங்குகிறாள். அவளுடைய சம்பாத்தியம், அவள் ஓட்டப்போகும் கார். ஆனாலும் கடைக்காரச் சீனர் சாவிகளை அவளுடைய அண்ணன் ஏரம்பமூர்த்தியிடம்தான் கொடுத்திருக்கிறார்.

“ரெண்டும் வேண்டாம் ஞானம். நாலு கதவுள்ளதாப் பார். கோயிலுக்குப் போறதெண்டா அம்மா, என்ர பிள்ளையள் எல்லாரும் எப்பிடி ஏறுறது?”

“அதுக்கு உங்கட கார் இருக்குத்தானே, அண்ணை.”

“சரி, வெள்ளையையாவது எடு. கண்ணடிக்கிற காரில போனா சனம் என்ன சொல்லும் லா?” இந்த ஊர்ச் சீனர் பேச்சின் ‘லா’ அண்ணன் நாக்கிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஞானாம்பிகை சிவப்புக் காருக்குள் கையை விட்டுப் பொத்தானை அமுக்குகிறாள். விளக்குகள் எழும்புகின்றன, படுக்கின்றன, மறுபடியும் எழும்புகின்றன. சீனர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அவள் அண்ணன் முன்னே உள்ளங்கையை நீட்டுகிறாள். நீட்டியது நீட்டியபடியே நிற்கிறது. கடைசியில் சிவப்புக் காரின் சாவி அதில் விழுகிறது.

“ஓட்டிப் பாக்கப் போறன். கடைக்காரர் முன்னுக்கு இருக்கட்டும்.”

“அப்ப நான்?”

அவள் முன்சீட்டை மடித்துச் சாய்க்கிறாள்.

“குனிஞ்சு பின்னால ஏறுங்கோ, அண்ணை. தலை பத்திரம்.”