தொய்ந்த வார்

மரவண்டி இழுக்கும் இரண்டு குதிரைகளில் சூரனுக்கு மட்டும் தினமும் ஒரு படி கொள்ளு கூடுதல். பாரமெல்லாம் தன் தோளில்தான் என்பதுபோல் அது பெரிதாகப் பெருமூச்சு விடும். முதலாளியும் நம்பிவிட்டார்.

ஒருநாள் அவை வண்டி இழுப்பதை ஓர் ஓவியர் கலர் சாக்பீஸ் போன்ற பேஸ்டல் கட்டிகளால் அப்படியே வரைந்தார். படத்தை லாயத்துச் சுவரில் சாய்த்துவிட்டு முதலாளியை அழைத்துவரப் போனார்.

சூரன் ஆசையாகப் பார்த்தது. பிடரி அழகுதான். ஆனால், ஜோடிக் குதிரையான பவளத்தை வண்டியோடு பிணைத்த இழுவார் விறைத்திருக்க, தன்னுடையது தூளிபோல் தொய்ந்து தொங்கியது.

"ஐயோ, முதலாளி பார்த்தால் என் கொள்ளு போச்சே!"

"ஏன் அண்ணே, உள்ளதைத்தானே வரைஞ்சிருக்காரு?" என்றது பவளம்.

சூரன் அவசரமாக மூக்கால் அந்த வாரைத் தேய்த்தது. பேஸ்டல் வெறும் பொடிதானே! வாரோடு தலை, தோள், உடம்பு எல்லாம் கலைந்து பழுப்புப் புழுதியாயின; வால் மட்டும் மிஞ்சியது. இப்போது படத்தில் பவளம் மட்டுமே வண்டி இழுத்தது.

பவளம் எட்டிப் பார்த்தது. "விடுங்க அண்ணே. முன்னைவிட இப்பதான் அச்சு அசலா இருக்கு."

வாசலில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. பழுப்பு மூக்கோடு நின்ற சூரன், பழக்கதோஷத்தில், ஒரு பெருமூச்சு விட்டது. படத்தில் மிச்சமிருந்த வாலும் பறந்துபோனது.