நிறம் சேராத படம்

"உனக்குக் கண்ணுல ஏதும் கோளாறாப்பா?"

மாதா கோயில் கமிட்டிச் செயலாளர் ஓவியரின் கடைக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார். குறை கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சுவரோரம் சாய்த்து வைத்திருந்த படத்தில் சூசையப்பர் நல்ல சிவப்பு. அவர் கையிலிருந்த குழந்தை இயேசு நல்ல கறுப்பு.

"ஆர்டர் கொடுத்தவர் இப்படித்தான் கேட்டார் சார்."

"கேட்டா வரைஞ்சிடுவியா? வெள்ளைக்காரன் இயேசுவை வெள்ளையா வரையறான். ஆப்பிரிக்காக்காரன் கறுப்பா வரையறான். சீனாக்காரன் அவன் முகஜாடையில வரையறான். அவனவனுக்கு அவனவன் சாமி, ஒத்துக்கறேன். ஆனா எந்த ஊர்லயாவது அப்பா ஒரு கலர், பிள்ளை ஒரு கலர்னு வரைவாங்களா? பார்க்கிறவன் சிரிக்க மாட்டான்?"

ஓவியர் தலையைச் சொறிந்தார். அவருக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"இதை மாத்து. இல்லைன்னா கோயில் சுவருக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

கோயில் சுவர் என்றால் ஆறு மாத வேலை. ஓவியர் வெளிர் நிறத்தைக் குழைக்க ஆரம்பித்தார்.

"படம் ரெடியா?"

ஆர்டர் கொடுத்தவர் வாசலில் நின்றார். நல்ல சிவப்பு. கூட வந்த சிறுமி நல்ல கறுப்பு. அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் தள்ளியே நின்றாள்.

செயலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எடுத்து வளர்க்கிற பொண்ணு சார்," என்றார் வந்தவர், தணிந்த குரலில். "அவகிட்ட நாங்க எதையும் மறைச்சதில்லை. பள்ளிக்கூடத்துல யாரோ, கலரே சேரலையே, அவர் எப்படி உனக்கு அப்பான்னு கேட்டுட்டாங்க. அதுலேர்ந்து என்னை அப்பான்னு கூப்பிடறதை விட்டுட்டா."

சிறுமி படத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"பாப்பாவைத் தூக்கி வச்சிருக்கறது யாரு?"

"சூசையப்பர். இயேசுவை வளர்த்தவர்," என்றார் வந்தவர்.

"பெத்த அப்பா இல்லையா?"

வந்தவர் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் முந்திக்கொண்டார்.

"இல்லைடா கண்ணு. ஆனா இயேசு அவரை அப்பான்னுதான் கூப்பிட்டார்."

சொல்லிவிட்டு, ஓவியரின் கையிலிருந்த தூரிகையை வாங்கிக் கீழே வைத்தார்.

சிறுமி படத்தை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு வந்து, தன்னைக் கூட்டி வந்தவரின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை நம்ம வீட்ல எங்க மாட்டலாம்ப்பா?"